வீடு ஒரு கோரிக்கை, பேருந்து இன்னொரு கோரிக்கை

தமிழில் ஆண்டுதோறும் அச்சாகி, ஏறக்குறைய யாராலும் வாசிக்கப்படாமல் போகும் ஓர் உரைநடை வகை உண்டு. சட்டமன்றத்தில் ஒவ்வொரு துறையும் பணம் கேட்கும் நாளில் உறுப்பினர்களின் மேசைக்கு வரும் 'கொள்கை விளக்கக் குறிப்பு'தான் அது. துறையின் வரலாறு, கடந்த ஆண்டுச் சாதனை, வரும் ஆண்டுத் திட்டம், தொகை. அதிகாரிகள் எழுதும் தமிழ்தான், ஆனாலும் நம் அன்றாட வாழ்வை இதைவிட அதிகமாகத் தீர்மானிக்கும் பிரதி வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை.

இந்தக் குறிப்புகளை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் நின்றுகொண்டு வாசித்தால் ஒரு விசித்திரம் தட்டுப்படும். வீட்டுவசதித் துறையின் குறிப்பில் பேருந்து நிலையம் இருக்கும், பேருந்து இருக்காது. போக்குவரத்துத் துறையின் குறிப்பில் பேருந்து இருக்கும், அதில் ஏறுகிறவர்களின் வீடு இருக்காது. இதை வெறும் ஆவணக் குறை என்று தள்ளிவிட முடியாது. பணத்தைப் பங்கிடும் முறையே இப்படித்தான் அமைந்திருக்கிறது.

முறை என்னவென்று பார்ப்போம். அரசமைப்புச் சட்டத்தின் 203ஆவது பிரிவின்படி செலவுத் திட்டம் துறைவாரியாக மானியக் கோரிக்கைகளாக அவைக்கு வருகிறது. உறுப்பினர்கள் கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம், தொகையைக் குறைக்கலாம். கூட்ட முடியாது. ஒரு துறையிலிருந்து எடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்கவும் முடியாது. மறுத்தால் அரசின் மீதே நம்பிக்கை இல்லை என்று பொருளாகிவிடும் என்பதால் ஆளுங்கட்சி உறுப்பினர் அந்தப் பக்கமே போகமாட்டார். எதிர்க்கட்சிக்கு மிஞ்சுவது வெட்டுத் தீர்மானம். பல கோடி ரூபாய்க் கோரிக்கையில் நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லித் தன் குறையைப் பதிவுசெய்வது நாடாளுமன்ற மரபு. பங்கிடும் அதிகாரம் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது நடைமுறையில் முறையீடு செய்யும் உரிமையாகச் சுருங்கிவிட்டது.

அதனால்தான் மானியக் கோரிக்கை விவாதத்தின் பேச்சுகள் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. நன்றி, பாராட்டு அல்லது கண்டனம், பிறகு தொகுதிக் கோரிக்கைகள்: இந்த ஊருக்கு ஒரு பேருந்து, அந்தத் தெருவுக்கு ஒரு பாலம். அமைச்சரின் பதிலும் தெரிந்ததே. பரிசீலிக்கப்படும், நிதிநிலைக்கேற்ப ஆவன செய்யப்படும். இந்தத் தமிழைக் கேலி செய்வது சுலபம். ஆனால் கையில் அதிகாரம் இல்லாதவர் வேறென்ன மொழியில் பேசுவார்?

பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலைப் பக்கம் போனால் இதன் விளைவு தெரியும். கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் குடியமர்த்தப்பட்ட இடங்களில் ஒன்று கூடப்பாக்கம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பின் கணக்கில் வீடு கொடுத்தவுடன் வேலை முடிந்தது. நகரத்துக்குள் வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள் அங்கிருந்து எப்படிப் போவார்கள் என்பது மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் பாடு. நம்ம பேச்சில் சொன்னால், வீட்டைக் குடுத்தாச்சு, வண்டியைப் பத்தி வேற ஆபீஸில் கேளு. நிலம் மலிவாக இருக்கிற இடத்தில் வீடு கட்டினால் வீட்டுவசதிக் கணக்கில் மிச்சம். அந்த மிச்சம் குடியிருப்பவரின் பயண நேரமாகவும் ஷேர் ஆட்டோக் காசாகவும் வேறு பக்கத்தில் செலவாகிறது. அந்தப் பக்கத்தை எந்தக் குறிப்பும் அச்சிடுவதில்லை.

அதே நெடுஞ்சாலையில்தான் குத்தம்பாக்கம் பேருந்து முனையம் இருக்கிறது. கட்டியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது வீட்டுவசதித் துறையின் கீழ் வரும் அமைப்பு. 2022 டிசம்பரில் அந்தக் குழுமம் மட்டும் அறநிலையத் துறை அமைச்சரின் பொறுப்புக்குப் போனது. ஆக, முனையம் ஓர் அமைச்சரிடம், அதற்குள் வரும் பேருந்து இன்னோர் அமைச்சரிடம்.

ரயிலுக்கு வந்தால் கோட்டையைவிட்டு டெல்லிக்கே போகவேண்டும். 2017இலிருந்து ரயில்வேக்குத் தனி பட்ஜெட் கிடையாது. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குப் போக வேண்டிய புதிய பாதைக்குச் சில ஆண்டுகளில் ஒதுக்கப்பட்ட தொகை 1,000 ரூபாய். அச்சுப்பிழை இல்லை, ஆயிரம் ரூபாய்தான். திட்டம் சாகவில்லை என்று காட்டுவதற்கான அடையாளத் தொகை. எதிர்ப்புக்கு நூறு ரூபாய், வாக்குறுதிக்கு ஆயிரம் ரூபாய். நம் ஜனநாயகத்தின் விலைப்பட்டியல் இப்படி இருக்கிறது.

மெட்ரோவின் கதை வேறு மாதிரி. 118.9 கி.மீ. நீளமுள்ள இரண்டாம் கட்டத்தை, 63,246 கோடி ரூபாய் என்ற தொகையோடு, ஒன்றிய நிதியமைச்சர் 2021 பிப்ரவரி பட்ஜெட் உரையில் அறிவித்தார். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரும் பாதையும் அதில் அடக்கம். ஒன்றிய அமைச்சரவையின் ஒப்புதல் வந்தது 2024 அக்டோபரில். இடைப்பட்ட மூன்றரை ஆண்டுகள் மாநிலமே சுமையைத் தாங்கியது. உரையில் வருவது வேறு, கணக்கில் வருவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம். பாதை வரும் என்ற செய்தி வந்த உடனேயே மனை விளம்பரங்களில் மெட்ரோ ஏறிவிடும். வாடகையும் பின்னாலேயே ஏறும். அந்த ஏற்றத்தைச் சமாளிக்க ஏழைகளுக்கான வீடு அதே பாதையோரம் திட்டமிடப்பட்டதா என்று கேட்கும் இடம் எந்த அவையிலும் இல்லை.

துறைகள் தனித்தனியாகத்தானே இருக்கமுடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தனித்துறை இல்லாவிட்டால் யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள். ஆனால் தேவை என்றால் கணக்கைச் சேர்த்துக் காட்ட நமக்குத் தெரியும். 2021 ஆகஸ்டில் தமிழகம் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை கொண்டுவந்தது. உழவரைத் தொடும் பல துறைச் செலவுகள் ஒரே உரைக்குள் வந்தன. பெருநகரத்துக்கும் அப்படி ஒன்றை ஏன் எழுதக்கூடாது? ஒரு வீட்டுத் திட்டத்துக்கு எதிரே அதற்கான பேருந்துச் செலவு, ஒரு மெட்ரோ பாதைக்கு எதிரே அதன் ஓரத்தில் கட்டப்படும் குறைந்த வாடகை வீடுகள் என்று இரண்டு பத்திகள் போதும். போக்குவரத்தை ஒருங்கிணைக்கவென்றே 2010இல் சட்டம் இயற்றிக் கும்டாவை உருவாக்கினோம். அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். இப்போது ஒரே செயலியில் பேருந்து, ரயில், மெட்ரோ மூன்றுக்கும் டிக்கெட் எடுக்கலாம். டிக்கெட் ஒன்றாகிவிட்டது, பட்ஜெட் ஒன்றாகவில்லை.

வாக்கெடுப்புக்கு முன்பே கோரிக்கைகளைக் குழுவில் வைத்து அலசும் வழக்கம் கேரளச் சட்டமன்றத்தில் 1980இலிருந்து இருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸில் போக்குவரத்துக்கும் வீட்டுவசதிக்கும் நிதி ஒதுக்குவது ஒரே துணைக்குழு. அங்கெல்லாம் வீட்டுப் பஞ்சம் தீர்ந்துவிட்டது என்று சொல்லவரவில்லை. கேள்வி கேட்க ஒரு மேசையாவது இருக்கிறது. நம்முடைய மதிப்பீட்டுக் குழுவும் பொதுக் கணக்குக் குழுவும் முக்கியமானவைதான், ஆனால் இந்த மேசையின் வேலையை அவை செய்வதில்லை.

நம் உறுப்பினர் தானே முடிவெடுத்துச் செலவழிக்கும் பணம் என்றால் தொகுதி மேம்பாட்டு நிதி, ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதில் பேருந்து வாங்கி ஓட்டமுடியாது, குடியிருப்பும் கட்டமுடியாது. நிழற்குடை கட்டலாம். அதனால்தான் ஊரெங்கும் உறுப்பினர் பெயர் பெரிதாக எழுதிய நிழற்குடைகள். அந்தப் பெயரை நாம் விளம்பர ஆசை என்று மட்டும் வாசித்துவிடுகிறோம். அவருடைய அதிகாரம் எதுவரை செல்லும் என்பதற்கான எல்லைக்கல்லும் அதுதான்.