தெளிந்த வானின் எதிரொலி

மழை பெய்தால் ரேடாருக்கு வேலை எளிது. துளியில் பட்டுத் திரும்பும் அலையைப் பிடித்து, மழை எங்கே, எவ்வளவு என்று சொல்லிவிடும். சென்னைத் துறைமுகத்து டாப்ளர் ரேடார் செய்வது இதைத்தான். ஒரு பொட்டு மேகம்கூட இல்லாத நீல வானத்தில் ரேடாருக்கு என்ன தெரியும்? திருப்பதிக்குப் பக்கத்தில், குன்றுகள் சூழ்ந்த காதங்கியில் 1990களின் தொடக்கத்தில் நிறுவிய, வளிமண்டல அடுக்குகளை ஆராயும் எம்எஸ்டி ரேடாருக்கு அப்போதும் காற்று தெரிகிறது.

பார்வைக்குப் பகட்டில்லாத கருவி. சுழலும் தட்டு கிடையாது. 130 மீட்டர் சதுரத் தரையில், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகள். மொத்தம் 1024 யாகி ஆண்டெனாக்கள் வானம் பார்த்து நிற்கின்றன. தூர்தர்ஷன் காலத்தில் நம் மொட்டைமாடிகளில் நின்றவற்றின் இனம்தான். எதுவும் அசையாது. ஒவ்வொன்றிலிருந்தும் அலை இம்மியளவு முந்தியோ பிந்தியோ புறப்படும்படி செய்தே கற்றையைத் திருப்புகிறார்கள்: ஒருமுறை நேர் மேலே, பிறகு நான்கு திசைகளிலும் பத்துப் பத்து டிகிரி சாய்த்து.

அலைநீளம் ஏறத்தாழ 5.7 மீட்டர். காற்று முழுக்க ஒரே சீராக இருந்தால் அந்த அலை திரும்பாமலே போய்விடும். ஆனால் வெப்பமும் ஈரமும் அங்கே ஓயாமல் சுழித்துக் கலந்துகொண்டிருக்கின்றன. அந்தக் கலக்கத்தில், அலைநீளத்தின் பாதி அளவில், அதாவது சுமார் 2.8 மீட்டருக்கு ஒருமுறை ஏறி இறங்கும் மாறுபாடுகள் அனுப்பும் எதிரொலிகள் மட்டும் ஒன்றையொன்று வலுவாக்கிக்கொண்டு கீழே வந்து சேர்கின்றன. இந்த வழியை 1974இல் பெரு நாட்டின் ஹிகமார்கா ரேடாரைக் கொண்டு விஞ்ஞானிகள் வுட்மனும் கியெனும் உலகுக்குக் காட்டினார்கள்.

நுட்பத்தைப் பாருங்கள். இந்த அலை நொடிக்கு 5 கோடியே 30 லட்சம் முறை அதிர்கிறது. மேலே காற்று நொடிக்குப் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் எழுந்தால், திரும்பும் அலையில் அரை நிமிடத்துக்கு ஏறக்குறைய ஓர் அதிர்வு குறையும். அந்த ஒன்றைத்தான் கண்டுபிடிக்கிறார்கள்! வானிலை அறியப் பறக்கவிடும் பலூனோ காற்று இழுத்த பக்கம் போய்விடும். காற்றின் இந்த மெல்லிய எழுச்சியைப் பிரித்துச் சொல்ல அதனால் ஆகாது.

ஏறக்குறைய 16, 17 கிலோமீட்டர் உயரத்தில், அடிவளிமண்டலம் முடியும் இடத்தில், இன்னொரு அழகு. அங்கே காற்று அடுக்கடுக்காகப் படிந்து நிலைகொள்கிறது. நேர் மேலே பார்க்கும் கற்றைக்கு அந்த அடுக்குகள் பளிச்சென்று பதில் தருகின்றன. கற்றையைப் பத்து டிகிரி சாய்த்தால் பதில் மங்கிவிடுகிறது. காற்றுக்குள்ளே கிடைமட்டமாக ஒரு தளம் இருப்பது இப்படித்தான் வெளிப்படுகிறது.

என்னைக் கேட்டால், இந்த ரேடாரின் உச்சம் மழைநாளில்தான். வழக்கமான மழை ரேடார் துளிகளின் வேகத்தை மட்டும் காணும். அதில் துளியின் சொந்த வேகம் எவ்வளவு, காற்று தூக்கியதோ அழுத்தியதோ எவ்வளவு என்று பிரிக்க முடியாது. காதங்கியின் பதிவில் ஒரே உயரத்தில் இரண்டு முகடுகள் தனித்தனியே எழுகின்றன. பூஜ்ய வேகத்தை ஒட்டி நிற்பது காற்று. நொடிக்குச் சில மீட்டர் வேகத்தில் கீழே இறங்குவது மழை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் துளிகள் விழும் உண்மையான வேகம் கிடைக்கிறது. பெரிய துளி வேகமாக விழும், சிறியது மெதுவாக. ஆகவே அந்த வேகத்திலிருந்து, தரைக்குச் சில கிலோமீட்டர் மேலே இருக்கும்போதே மழைத்துளிகளின் பருமனைக் கணக்கிட்டுவிடுகிறார்கள்.