யானை வராத நாளின் டிப்ஸ்

தேக்கடி ஏரியில் ஒன்றரை மணி நேரம் சுற்றிவிட்டுப் படகு துறைக்குத் திரும்பும்போது பயணிகள் முகத்தில் ஒரு சின்னத் தயக்கம் தெரியும். உயிர்காப்பு அங்கியைக் கழற்றிக்கொண்டே ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லக் கேட்பார்: “ஏதாவது குடுக்கணுமா? எவ்வளவு குடுக்கிறது?” அன்று யானைக்கூட்டம் கரைக்கு வந்து தண்ணீர் குடித்திருந்தால் சட்டைப்பையிலிருந்து நோட்டு தானாக வெளியே வரும். பட்ட மரங்களில் உட்கார்ந்த நீர்க்காகங்களை மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தால் பை திறக்காது. படகு ஓட்டியவரின் உழைப்பு இரண்டு நாளும் ஒன்றுதான்.

தேக்கடிக்கு வாசலான குமுளியில் இந்தக் கேள்வி படகோடு முடிவதில்லை. தமிழகத்து லோயர் கேம்ப்பிலிருந்து மலையேறிக் கேரள எல்லையைத் தாண்டிய நிமிடம் முதல் ஜீப் ஓட்டுநர், விடுதிப் பையன், ஏலத்தோட்டம் சுற்றிக் காட்டுபவர், காட்டு வழிகாட்டி என்று பல கைகள் நம் பயணத்தைத் தாங்குகின்றன. டிப்ஸ் கொடுப்பது நல்லதா கெட்டதா என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்ல முடியாது. நியாயமான கூலிக்கு மேல் வரும்போது அது அன்பளிப்பு. கூலிக்குப் பதிலாக வரும்போது அது சுரண்டலுக்குப் போட்ட போர்வை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகவேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் இந்த வழக்கத்தின் நன்மைகளைப் பார்ப்போம். டிப்ஸ் இடையில் யார் கையும் படாமல் உழைத்தவரிடம் நேரே போகிறது. குமுளி பருவத்தை நம்பி வாழும் ஊர். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களால் தெருவே நிரம்பி வழியும். தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஆனி, ஆடியில் பாதி அறைகள் பூட்டிக் கிடக்கும். சம்பளம் ஒழுங்காக வராத மாதத்தில் ஒரு ஐம்பது ரூபாய் நோட்டு வீட்டு அரிசிக்கு உதவும். இன்னொரு நன்மையும் உண்டு. சுற்றுலா ஊர்களில் ஓட்டுநர்களுக்குக் கடைகள் தரும் கமிஷன் கண்ணுக்குத் தெரியாதது. அது கடைசியில் நாம் வாங்கும் ஏலக்காயின் விலையில்தான் ஏறுகிறது. டிப்ஸோ வெளிப்படையானது. கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். ஒளிவுமறைவான கமிஷனை விடத் திறந்த கையில் வைக்கும் காசு நேர்மையானது.

எல்லாவற்றுக்கும் மேலாக, “உங்க வேலையைப் பார்த்தேன், நன்றி” என்று சொல்லும் ஒரு வழி அது. அந்த நன்றியைக் கொச்சைப்படுத்த எனக்கு மனமில்லை.

ஆனால் குறைகளும் கனமானவை. முதல் குறை, கண்ணில் படும் கைக்கே காசு கிடைக்கிறது என்பது. சாப்பாடு பரிமாறுபவருக்குக் கிடைக்கிறது. பின்கட்டில் பாத்திரம் தேய்ப்பவருக்குக் கிடைப்பதில்லை. பெட்டி தூக்குபவருக்குக் கிடைக்கிறது. நாம் வெளியே போன பிறகு கழிவறையைக் கழுவிப் படுக்கை விரித்த பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. இப்போது எல்லாமே கைபேசியில் செலுத்துவது என்று ஆன பிறகு சில்லறை வைத்திருப்பவர்களும் குறைந்துவிட்டார்கள். கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டுக்குப் போகும் பணம் முதலாளியின் கணக்கில்தான் விழும்.

இரண்டாவது குறை, டிப்ஸ் உழைப்பை அளக்காமல் அதிர்ஷ்டத்தை அளக்கிறது. காட்டில் இது வெறும் அநீதியாக நிற்பதில்லை, ஆபத்தாகவும் மாறக்கூடும். விலங்கைக் காட்டினால்தான் காசு என்று ஆகிவிட்டால், இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாம், எழுந்து நின்று படம் எடுத்தாலும் கண்டுகொள்ள வேண்டாம் என்ற எண்ணம் யாருக்கும் வரலாம். 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் நின்ற விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டார்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. அந்தத் துயரத்துக்கும் டிப்ஸுக்கும் முடிச்சுப் போடுவது தவறு. ஆனால் பயணியின் ஆசைக்கு அணைபோட வேண்டிய ஒருவரை, அந்தப் பயணியின் தயவை எதிர்பார்க்க வைப்பது எவ்வளவு பெரிய பிழை என்பதை அந்த ஏரி நமக்குச் சொல்லித்தருகிறது. “உட்காருங்க சார்” என்று அதட்டுபவருக்குத்தான் நாம் கூடுதலாக நன்றி சொல்ல வேண்டும்.

மூன்றாவது குறைதான் ஆழமானது. டிப்ஸ் பழகிப்போனால் சம்பளம் சுருங்கும். அமெரிக்காவில் இது சட்டமாகவே ஆகிவிட்டது. அங்கே கூட்டாட்சிச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தன் பையிலிருந்து தரவேண்டியதோ 2.13 டாலர்தான். 1991 முதல் அந்தத் தொகை அசையவில்லை. மீதியை வாடிக்கையாளர் நிரப்ப வேண்டும், நிரம்பாவிட்டால்தான் முதலாளி ஈடுகட்ட வேண்டும். அங்கே இது பழைய வழக்கம்தான். அடிமை முறை ஒழிந்த பின் புல்மன் ரயில்பெட்டி நிறுவனம் கறுப்பினத்தவரைச் சொற்பச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு, மீதியைப் பயணிகளின் தயவுக்கு விட்டது. அந்த ஊழியர்கள் 1925-ல் சங்கம் கண்டு, 1937-ல்தான் நிறுவனத்தை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தார்கள்.

அப்படியானால் டிப்ஸைக் கட்டாயக் கட்டணமாக்கிவிடலாமா? பெரிய சுற்றுலாக் கப்பல் நிறுவனங்கள் பலவும் அதைத்தான் செய்கின்றன. தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று பயணியின் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள். கண்ணில் படாத ஊழியருக்கும் பங்கு போக இதில் வழி உண்டு. ஆனால் பெயர் மட்டும் அன்பளிப்பு, நடப்பதோ வசூல். பயணச்சீட்டின் விலையைக் குறைத்துக் காட்டிவிட்டு, தர வேண்டிய கூலியைப் பயணியின் தலையில் கட்டும் உபாயம் அது. இந்தியாவில் உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தானாக ரசீதில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கேரளத்துக்கு இன்னொரு பாடமும் தெரியும். சரக்கைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கே சுமைதூக்குவோர் கேட்கும் ‘நோக்குகூலி’யை 2018 மே 1 முதல் மாநில அரசு தடைசெய்தது. மனம் வந்து கொடுப்பதை உரிமையாகக் கேட்டால் உறவு கெடும். உரிமையாகத் தரவேண்டிய கூலியை மனம் வந்தால் தருவேன் என்றால் வாழ்வே கெடும்.

இதற்கு மாற்று வெளிநாட்டில்தான் இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை, குமுளிக் காட்டிலேயே இருக்கிறது. 1990-களின் இரண்டாம் பாதியில் பெரியார் புலிகள் காப்பகத்தில் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் உருவாயின. வயணம் என்ற காட்டு இலவங்க மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்று, வழக்குகளுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்த ஆட்களே காட்டின் காவலராகவும் வழிகாட்டிகளாகவும் மாறினார்கள். மன்னான், பளியர் பழங்குடியினரும் தங்கள் காட்டறிவால் பயணிகளை நடத்திச் செல்கிறார்கள். மூங்கில் தெப்பத்துக்கும் காட்டு நடைக்கும் பயணி கட்டும் கட்டணத்திலிருந்து அவர்களுக்கு ஊதியம் வருகிறது. வேட்டைக்கும் பட்டை உரிப்புக்கும் போன கால்களை ரோந்துக்குத் திருப்பியது யாரோ எப்போதோ திணித்த நோட்டு அல்ல. மாதம் தவறாமல் ஊதியம் வரும் என்ற நம்பிக்கையும், குழுவாக நிற்கும் மதிப்பும்தான்.

அரசு மனம் வைத்தால் விதியும் உதவும். பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல் டிப்ஸில் ஒரு காசைக்கூட முதலாளி எடுத்துக்கொள்ளக் கூடாது, முழுவதையும் ஊழியர்களுக்கு நியாயமாகப் பங்கிட வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. விருந்தினரின் ஓட்டுநர்களுக்குத் தங்கும் கூடம் தரவேண்டும் என்று 2023-ல் தமிழ்நாடு அரசு விடுதிகளுக்கான கட்டட விதியைத் திருத்தியது. இரவெல்லாம் வண்டிக்குள் சுருண்டு கிடக்கும் ஓட்டுநருக்கு நாம் தரும் நூறு ரூபாயை விட அந்தக் கூடத்தில் கிடைக்கும் ஒரு கட்டில் பெரிது.

விடுதிகளும் படகுத்துறைகளும் பொதுப்பெட்டி ஒன்று வைக்கலாம். வாரம் ஒருமுறை எல்லார் முன்னிலையிலும் திறந்து, பாத்திரம் தேய்ப்பவர் வரை பங்கிடலாம். அதைச் சம்பளத்தில் கழிக்கக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பான விதியாக இருக்க வேண்டும். பயணிகளான நமக்கும் கடமை உண்டு. அறையைக் காலி செய்யும்போது சுத்தம் செய்பவருக்கென்று தனியாக வைத்துவிட்டு வரலாம். விலங்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகச் சொல்லிக் காசு நீட்டக் கூடாது. கொடுப்பதை இன்னொருவர் பார்க்கக் கொடுக்கக் கூடாது.

மழை தூறும் ஒரு மாலையில் கடைசிப் படகு வெறும் நீரையும் பனிமூட்டத்தையும் காட்டிவிட்டுத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யானையும் வரவில்லை, காட்டெருதும் வரவில்லை. எழுந்து நின்ற பிள்ளைகளை மூன்று முறை உட்கார வைத்து, எல்லாரையும் பத்திரமாகக் கரை சேர்த்தவர் கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார். கொடுப்பதென்றால், அன்றைக்குக் கொடுங்கள்.