குமிழிக்குக் காத்திருக்கும் கை

ரேடியேட்டர் புதிது, ஹோஸ் புதிது, கூலன்ட்டும் புதிது. ஆனாலும் பத்துக் கிலோமீட்டர் போவதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுகிறது. வண்டிக்காரர் பதறுவார், கைதேர்ந்த மெக்கானிக் பதறமாட்டார். அவர் முதலில் சந்தேகப்படுவது காற்றை.

கூலன்ட்டை வடித்துவிட்டு மறுபடி ஊற்றும்போது இன்ஜினுக்குள் காற்று சிக்கிக்கொள்வதுண்டு. 'ஏர் லாக்' என்பார்கள். காற்று குறுக்கே நின்றால் வாட்டர் பம்ப் சுற்றியும் ஓட்டம் தடைபடும். ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்று வருகிறதா? சந்தேகம் பாதி உறுதி.

சிக்கிய காற்றை வெளியேற்றும் வேலை பார்க்க அழகானது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறந்து புனலைப் பொருத்துவார். வண்டியின் முன்பக்கம் சற்று மேடாக நிற்கும். ஹீட்டர் முழுச் சூட்டில். இன்ஜினை ஓடவிட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுவார். புனலில் 'களக்' என்று ஒரு குமிழி. மட்டம் இறங்கும். கொஞ்சம் கூலன்ட். மறுபடி குமிழி. பல வண்டிகளில் 80 முதல் 90 டிகிரிக்குள் தெர்மோஸ்டாட் திறந்துவிடும். அதன்பின் ரேடியேட்டர் முழுக்கச் சூடு பரவும்.

அப்படியும் முள் ஏறினால்? ஃபேன் சுற்றுகிறதா, தெர்மோஸ்டாட் தலைகீழாக மாட்டப்பட்டதா, மூடியின் ரப்பர் இற்றதா என்று வரிசையாகப் பார்ப்பார். மூடி அற்பமல்ல. அது 1 பார் அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால் தண்ணீரின் கொதிநிலை 100-லிருந்து ஏறத்தாழ 120 டிகிரிக்கு உயர்கிறது. குமிழி ஓயவே இல்லையென்றால் ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம்.

வண்டி கைக்கு வந்த மறுநாள் காலை, இன்ஜின் ஆறியிருக்கும்போது, கூலன்ட் மட்டத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.