பெரிய ரகசியம்

1996 ஜனவரி 17-ம் தேதி பாரிஸ் கடைகளில் ஒரு புத்தகம் விற்பனைக்கு வந்தது. மறுநாளே கோர்ட் தடை போட்டுவிட்டது. அதற்குள் சுமார் நாற்பதாயிரம் பிரதிகள் போய்விட்டன. அப்புறம் பெஸான்ஸோன் என்ற ஊரில் இன்டர்நெட் சென்டர் வைத்திருந்த ஒருவர் மொத்தப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து வலையில் ஏற்றிவிட்டார். தடை செய்த புத்தகத்தை உலகமே ஓசியில் படித்தது.

புத்தகத்தின் பெயர் 'லெ கிரான் செக்ரே'. பெரிய ரகசியம் என்று அர்த்தம். ஒரு பத்திரிகையாளரின் துணையோடு எழுதியவர் டாக்டர் க்ளோத் குப்லேர். பிரான்ஸ் அதிபர் பிரான்சுவா மித்தெரானுக்குப் பல வருஷம் சொந்த டாக்டராக இருந்தவர். மித்தெரான் இறந்தது ஜனவரி 8. ஒன்பதே நாளில் புத்தகம். குடும்பத்தார் கோர்ட்டுக்கு ஓடியதில் ஆச்சரியமில்லை.

விஷயம் இதுதான். 1974-ல் அதிபர் பொம்பிதூ பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார். அவருக்கு என்ன வியாதி என்பதைக் கடைசிவரை மக்களிடமிருந்து மறைத்துவிட்டார்கள். 'என் ஆட்சியில் அப்படி நடக்காது, ஆறு மாசத்துக்கு ஒருமுறை என் உடல்நிலை அறிக்கை வரும்' என்றார் மித்தெரான். 1981 மே மாதம் ஜெயித்தார். நவம்பரில் உடம்பு வலி என்று டெஸ்ட் எடுத்தால் ப்ராஸ்டேட் புற்றுநோய். எலும்பு வரைக்கும் பரவியாகிவிட்டது. பேராசிரியர் அதோல்ஃப் ஸ்டெக் பார்த்துச் சொன்னது, மூன்று மாதத்திலிருந்து மூன்று வருஷம். மித்தெரான் போட்ட உத்தரவு, இது அரசாங்க ரகசியம். வாக்குக் கொடுத்தபடி ஆறு மாசத்துக்கு ஒருமுறை அறிக்கை மட்டும் தவறாமல் வந்தது. 'எல்லாம் நலம்' என்று அதில் கையெழுத்துப் போட்டவர் நம்ம குப்லேர். 1992-ல் ஆபரேஷன் ஆன பிறகுதான் ஜனங்களுக்கு விஷயம் தெரிந்தது. அப்போதும் ஏதோ புதிதாக வந்த வியாதி மாதிரி!

இதெல்லாம் பிரெஞ்சுக்காரன் வீட்டுச் சமாசாரம், நமக்கென்ன என்று கேட்கலாம். புதுச்சேரிக்காரர்கள் கேட்க மாட்டார்கள். 1954-ல் புதுச்சேரி கைமாறியபோது பிரான்ஸின் உள்துறை அமைச்சர் இதே மித்தெரான்தான். பிரெஞ்சுக் குடியுரிமையும் சொல்தா பென்ஷனும் உள்ள குடும்பங்கள் அங்கே இன்றும் உண்டு. பாரிஸில் அதிபர் தேர்தல் என்றால் புதுச்சேரியில் வாக்குச்சாவடி போடுவார்கள். 1988-ல் மித்தெரான் இரண்டாவது முறை நின்றபோது அவர் உடம்புக்கு என்ன என்று தெரியாமலே ஓட்டுப் போட்டவர்களில் வெள்ளாழர் வீதித் தாத்தாக்களும் இருந்திருப்பார்கள்.

குப்லேரின் புத்தகத்தை என்னால் பாதிதான் பாராட்ட முடிகிறது. பொய் அறிக்கைகளைப் போட்டு உடைத்த வரைக்கும் சரி. நோயாளியின் ரகசியத்தைக் காக்காத குற்றத்துக்கு அந்த வருஷமே அவருக்கு நான்கு மாதம் தண்டனை கிடைத்தது, சஸ்பெண்டட் ஆக. தடையைத் தொடர்ந்து நீட்டித்தது கருத்துச் சுதந்திரத்துக்கு விரோதம் என்று 2004-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. சட்டக் கல்லூரிகளில் இன்னும் இதைப் பேசுகிறார்கள். இத்தனை சண்டையில் புத்தகத்தின் நடுவே கிடக்கிற அதிசயத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதிகபட்சம் மூன்று வருஷம் என்று சொல்லப்பட்ட மனுஷன் பதினான்கு வருஷம் உயிரோடு இருந்தார். இரண்டு முறை நாட்டை ஆண்டார். எலும்புக்குப் பரவினாலும் இந்தப் புற்று சிலரிடம் எவ்வளவு மெதுவாக நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. 1981-லேயே வெளியே சொல்லியிருந்தால் எத்தனை ஆண்களுக்குத் தைரியம் வந்திருக்கும்! ரகசியத்தின் அந்த நஷ்டம் குப்லேரின் கணக்கில் வரவே இல்லை.

மித்தெரானுக்கு எல்லாம் தெரியும், நாட்டுக்குத்தான் தெரியாது. நம்ம ஊரில் இது அப்படியே தலைகீழ்.

புதுச்சேரிக்கு வடக்கே ஈ.சி.ஆரில் பல்கலைக்கழகம் போகிற வழியில் பிள்ளைச்சாவடி. மீனவர் கிராமம். தெற்கே துறைமுகம் கட்டிய பிறகு கடல் இந்தப் பக்கத்துக் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. கருங்கல்லைக் கொட்டி மிச்சத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே ஒரு நண்பரின் அப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். பஸ் ஸ்டாப்பிலேயே நண்பர் எச்சரித்தார்: "சார், அப்பாகிட்ட நீர்க்கட்டுன்னுதான் சொல்லியிருக்கோம். வாய் தவறிக்கூட அந்தப் பேர் வந்துடக் கூடாது."

டீக்கடைக்காரருக்கு விஷயம் தெரிந்திருந்தது. "எலும்புக்குப் பூடிச்சாமே?" என்றார். எதிர்வீட்டு அம்மாவுக்கும் தெரிந்திருந்தது.

பெரியவர் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். எழுபது தாண்டிய உடம்பு. தண்ணீருக்குள் கையைக் காட்டி, தன் பழைய வீடு இருந்த இடம் அது என்றார். மகன் தள்ளிப் போனதும் குரலைத் தாழ்த்தினார். "நீர்க்கட்டுன்னு சொல்லிட்டு ரெண்டு விதையையும் எடுத்துட்டானுங்க தம்பி. நீர்க்கட்டுக்கு எவனாவது அத எடுப்பானா? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு கீறான் எம் மொவன். இருக்கட்டும். அவன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு நானும் தெரியாதமாரியே கீறேன்."

விதையை எடுப்பது தவறான வைத்தியம் இல்லை. இந்தப் புற்று ஆண் ஹார்மோனைத் தின்று வளர்கிறது, அந்த ஹார்மோனை நிறுத்தினால் சுருங்குகிறது என்று 1941-ல் நிரூபித்தவர் சார்லஸ் ஹக்கின்ஸ். அதற்காக 1966-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். இன்று அதே வேலையை ஊசி செய்கிறது. மாதா மாதம், அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நிறுத்தாமல் போட வேண்டும். ஆபரேஷன் ஒருமுறைதான், செலவும் கம்மி. படகும் வலையும் வைத்துப் பிழைக்கிற குடும்பம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரியவரைக் கேட்டிருந்தால் அவரும் அதையே சொல்லியிருப்பார். கேட்கவில்லை என்பதுதான் விஷயம். கையெழுத்துப் போட்டது மகன்.

சுய நினைவோடு இருக்கிற, வயது வந்த நோயாளிக்குப் பதிலாக வேறு யாரும் சம்மதம் கொடுக்க முடியாது என்று 2008-ல் சமீரா கோலி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அது கர்ப்பப்பையை எடுத்த கேஸ். மயக்கத்தில் இருந்த நாற்பத்துச் சொச்சம் வயதுப் பெண்ணுக்காக வெளியே உட்கார்ந்திருந்த அம்மா கொடுத்த சம்மதம் செல்லாது என்றார்கள். அம்மாவின் கையெழுத்தே செல்லாதென்றால் மகன் கையெழுத்து எந்த மூலை?

பாதித் தப்பு மொழியிலும் இருக்கிறது. ப்ராஸ்டேட் என்பது கிரேக்கச் சொல். முன்னால் நிற்பது என்று பொருள். மூத்திரப்பைக்குக் கீழே, பாதையின் முகப்பில் காவல்காரன் மாதிரி நிற்பதால் அந்தப் பெயர். இதை அப்படியே பெயர்த்து 'முன்னிற்கும் சுரப்பி' என்று சிலர் எழுதுகிறார்கள். யாருக்கும் புரியாது, ஆனால் கெடுதலும் இல்லை. பத்திரிகைகளின் மருத்துவப் பக்கங்களில் இன்னொரு சொல் நடமாடுகிறது, 'ஆண்மைச் சுரப்பி'. இதைச் சூட்டிய புண்ணியவான் யாரோ, ஒரே வார்த்தையில் பாதி ஆண்களை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார். ஆண்மையில் கோளாறு என்று எந்த அப்பா மகனிடம் சொல்வார்? விதை எடுப்பதற்கு நம்மிடம் இருக்கிற பழைய சொல் மாட்டுக்கு உரியது. அதை இங்கே எழுதக்கூடக் கூசுகிறது. ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறவர், தாரை மெலிந்து போனவர், சிறுநீரில் ரத்தம் பார்த்தவர் எல்லாம் 'வயசானா அப்படித்தான்' என்று இருந்துவிட்டு, முதுகு வலி தாங்காமல் எலும்பு டாக்டரிடம் போய்ச் சேருகிறார்கள். (ராத்திரி எழுந்திருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் வயதால் வரும் சாதாரண வீக்கம்தான். பயந்துவிடாதீர்கள், காட்டிவிடுங்கள்.)

சென்னைக்கு வந்தால் படம் வேறு. நாற்பது, ஐம்பது தாண்டியவர்களுக்கான ஹெல்த் செக்கப் பாக்கேஜில் சர்க்கரை, கொழுப்போடு பி.எஸ்.ஏ. என்று ஒரு வரி இருக்கும். ப்ராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கிற டெஸ்ட். வழக்கமாக 4 என்பதை எல்லைக்கோடாக வைக்கிறார்கள். புற்று இருந்தால் ஏறும். வெறும் வீக்கத்துக்கும் ஏறும். கிருமித் தொற்றுக்கும் ஏறும். அமெரிக்காவில் 1986-ல் இதற்கு அனுமதி கிடைத்தது, ஏற்கெனவே புற்று வந்தவர்களைக் கண்காணிக்க. ஒன்றும் இல்லாதவர்களிடம் புற்றைத் தேட அனுமதித்தது 1994-ல்தான். ப்ராஸ்டேட்டின் இந்த வகைப் புரதத்தை 1970-ல் கண்டுபிடித்துச் சொன்னவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆப்லின், 2010-ல் 'நியூயார்க் டைம்ஸ்'ஸில் இந்தத் தேடலே பெரிய தப்பு என்று எழுதினார். பெற்றவரே பிள்ளையைத் திட்டின மாதிரி.

இந்தப் பக்கத்து வாதத்துக்கு வேதம் என்று ஒன்று உண்டு. இன்டெல் தலைவர் ஆண்டி குரோவ் 1996 மே மாதம் 'ஃபார்ச்சூன்' பத்திரிகையில் எழுதிய கட்டுரை. பி.எஸ்.ஏ. ஏறியதும் எஞ்சினீயர் புத்தியோடு கிளம்பினார். ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்தார், கிராஃப் போட்டார், ஒவ்வொரு டாக்டரும் தன் கையில் இருக்கிற ஆயுதத்தையே சிபாரிசு செய்வதைக் கண்டுகொண்டார். கடைசியில் கதிரியக்கத்தை உள்ளே செலுத்தும் சிகிச்சையைத் தானே தேர்ந்தெடுத்தார். அதன்பின் இருபது வருஷம் வாழ்ந்து 2016-ல் காலமானார். இன்றைக்குப் படித்தாலும் விறுவிறுப்பு குறையவில்லை. தன் உடம்பைப் பற்றிக் கேள்வி கேட்கிற உரிமையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தத் துணிச்சலுக்கு ஒரு சலாம்.

ஆனால், இந்த வகை 'நான் ஜெயித்தேன்' கட்டுரைகளில் ஒரு ஓட்டை இருக்கிறது. டெஸ்ட் எடுத்து, வைத்தியம் பார்த்து, பிழைத்தவர்கள் அத்தனை பேரும் 'டெஸ்ட்தான் என்னைக் காப்பாற்றியது' என்கிறார்கள். ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தாலும் பிழைத்திருப்போமா என்பது அவர்கள் யாருக்கும் தெரிய வாய்ப்பே இல்லை. ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆண்களை 23 வருஷம் தொடர்ந்து பார்த்து, 2025 அக்டோபரில் கணக்குச் சொன்னார்கள். 456 பேரை டெஸ்ட்டுக்கு அழைத்தால் ஒரு சாவு தவிர்க்கப்படுகிறது. அந்த ஒருவருக்காகக் கூடுதலாகப் பன்னிரண்டு பேருக்கு 'உனக்குப் புற்று' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு பேரும் கட்டுரை எழுதினால் பன்னிரண்டுமே குரோவ் கட்டுரை மாதிரிதான் இருக்கும்.

இங்கிலாந்தில் இன்னொரு ஆராய்ச்சி. சுரப்பியைத் தாண்டாத புற்று உள்ள 1,643 பேரை மூன்றாகப் பிரித்து, ஆபரேஷன், கதிர்வீச்சு, வெறுமனே கண்காணிப்பு என்று வைத்தார்கள். பதினைந்து வருஷம் கழித்து, 2023-ல் பார்த்தால் மூன்று கூட்டத்திலும் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேரை அந்தப் புற்று கொல்லவில்லை. வித்தியாசம் வாழ்கிற விதத்தில். ஆபரேஷன் பண்ணிக்கொண்டவர்களில் நிறையப் பேருக்கு ஒழுகல் நிற்கவில்லை, பேட் கட்ட வேண்டியிருந்தது.

அதற்காக டெஸ்ட்டே வேண்டாம் என்று பாக்கேஜைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. ஒரு சாவு ஒரு சாவுதான். பைடனுக்கு 2025 மே மாதம் எலும்புக்குப் பரவிய நிலையில் புற்று தெரிந்தது. கடைசியாக அவர் பி.எஸ்.ஏ. எடுத்தது 2014-ல் என்றார்கள். எழுபதுக்கு மேல் வழக்கமாக எடுக்கத் தேவையில்லை என்பது அங்கே விதி. அவருடைய ராணுவ அமைச்சர் லாயிட் ஆஸ்டின், 2023 டிசம்பரில் இதே வியாதிக்கு ஆபரேஷன் செய்துகொண்டு, ஜனவரியில் மறுபடி ஆஸ்பத்திரியில் படுத்ததை அதிபரான பைடனிடமே நாள் கணக்கில் சொல்லவில்லை. மித்தெரான் போய் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அதே கூச்சம்.

கூச்சத்தை உடைத்து எழுதியவர்கள் என்று எனக்குப் பிடித்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருமே டாக்டர் கிடையாது. 'நியூயார்க் டைம்ஸ்'ஸில் புத்தக விமர்சனம் எழுதிக்கொண்டிருந்த அனடோல் ப்ராயார்டுக்கு 1989-ல் இந்தப் புற்று. அடுத்த வருஷமே இறந்துவிட்டார். 1992-ல் வந்த அவருடைய தொகுப்பில் டாக்டர்களைப் புத்தகம் மாதிரி விமர்சனம் செய்கிறார். ஒரு டாக்டரைப் பிடிக்காமல் போனதற்குக் காரணம், ஆபரேஷன் தொப்பியை அவர் அணிந்த விதத்தில் ஸ்டைல் இல்லை என்பது! சாவு எதிரில் உட்கார்ந்திருக்கும்போது இப்படி எழுதக் கொழுப்பு வேண்டும். அந்தக் கொழுப்புதான் அவரை வெறும் கேஸ் நம்பர் ஆகாமல் காப்பாற்றுகிறது. இன்னொருவர் ஃபிலிப் ராத். அவருடைய ஸூக்கர்மன் பாத்திரம் ப்ராஸ்டேட்டை எடுத்த பிறகு ஒழுகலோடும் இயலாமையோடும் பல நாவல்களில் வருகிறது. 2007-ல் வந்த 'எக்ஸிட் கோஸ்ட்'டில் அந்த ஒழுகலுக்கு வைத்தியம் தேடித்தான் நியூயார்க்குக்கே வருகிறார். கதாநாயகனுக்குப் பேட் கட்டிவிட்டும் ராத் அவரைப் பரிதாபப் பொருளாக்கவில்லை. ஆசையும் கோபமும் வக்கிரமும் அப்படியே இருக்கின்றன.

நம் சினிமாவில் கதாநாயகனுக்கு ரத்தப் புற்று வரும். மூளையில் கட்டி வரும். இருமினால் கைக்குட்டையில் சிவப்பு. ப்ராஸ்டேட் மட்டும் வராது. வந்தால் டூயட் பாட முடியாதே!

காம்யுவின் 'அந்நியன்' பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்கு வந்தது. குப்லேரையும் யாராவது புதுச்சேரிக்காரர் கொண்டுவரலாம். ப்ராயார்டை அதற்கு முன்பே கொண்டுவரலாம். ஆனால், பிள்ளைச்சாவடிப் பெரியவருக்கு நான் எதையும் படித்துக் காட்ட முடியாது. கையில் அந்த அட்டையைப் பார்த்தாலே மகன் கோபித்துக்கொள்வார். கிளம்பும்போது பெரியவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இன்னும் எத்தினி வருசம்னு அவங்கிட்ட டாக்டரு சொன்னாரா தம்பி? நீ கேட்டு எங்கிட்ட சொல்லு."

பிரான்ஸ் கதையைச் சொன்னேன். மூன்று வருஷம் என்றார்கள், பதினான்கு வருஷம் இருந்தார் என்று.

"யாரு, நம்ம மித்தெரானா?" என்றார்.