மௌலவியும் மெளலவியும்

சித்திலெப்பையின் 'அஸன்பே சரித்திரம்' 1885 இல் அச்சில் வந்தது. அதை வாசிக்கக் கண்ணும் தமிழும் போதும். 1995 அளவில் கணினியில் கோத்த ஒரு கவிதைத் தொகுதியின் கோப்பைத் திறக்க அவை போதாது. புளொப்பியை வாசிக்கும் இயந்திரம் வேண்டும், பேஜ்மேக்கர் வேண்டும், பாமினி எழுத்துருவும் வேண்டும். நமது டிஜிட்டல் வரலாற்று முயற்சிகளைப் புகழ்வோர் இந்த இடத்தை அவசரமாகக் கடந்து போகிறார்கள் என்பதே என் குறை.

பாமினிக் கோப்பின் உள்ளே தமிழெழுத்தே கிடையாது. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். 'தமிழ்' என்ற சொல் அங்கே ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் முழு நூலும் இப்படித்தான் தெரியும்.

"யுனிகோடுக்கு மாத்திப் போட்டா முடிஞ்சுதானே" என்பார்கள். முடியாது. பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் விசை ஒன்றே. ஆகவே மாற்றும் மென்பொருள் சிலவேளை 'மௌலவி'யை மெ, ள, ல, வி என்று நாலெழுத்தாக்கி விடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். தேடுபொறிக்கோ வேறு வேறு சொல். மௌலவி, மௌலானா, மௌலூது, மௌத்து என்று நம் வழக்கில்தான் இந்த ஔகாரம் எவ்வளவு! ஓர் ஆய்வு மாணவி 'மௌலூது' என்று தேடி, ஒன்றும் அகப்படாமல், அக்காலச் சஞ்சிகைகள் அதைப் பேசவேயில்லை என்று எழுதிவிட்டால் பிழை யாருடையது?

2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் அச்சுப் பக்கங்களைப் படமாகச் சேர்த்து வருவது பெருந்தொண்டு. படத்துக்கு எழுத்துரு தேவையில்லை. ஆனால் படத்துக்குள் சொல் தேட எழுத்துணரி வேண்டும். அரபுத்தமிழ் நூல்களில் தமிழொலிகளுக்கென்று புள்ளியிட்டுச் சேர்த்த எழுத்துகளை, அரபுக்கென்று செய்த எழுத்துணரி அறியாது.

நான் பார்த்த அச்சகமொன்றில் தொண்ணூறுகளின் புளொப்பிகள் பெட்டியோடு பூஞ்சணம் பிடித்துக் கிடக்குது. அவற்றை எடுத்துக் காப்பது முதல் வேலை. மாற்றிய பிறகும் மூலக் கோப்பை அழிக்காமல் வைக்க வேண்டும். எந்த மென்பொருளால் மாற்றினோம் என்று குறிக்க வேண்டும். அச்சுப் பிரதியோடு வரிவரியாக ஒத்துப் பார்க்க வேண்டும். ஏட்டுச் சுவடிகளை அச்சேற்றியவர்கள் பாடபேதம் பார்த்துத்தான் பதிப்பித்தார்கள். கணினிக் கோப்புக்கும் அப்படியொரு பதிப்பாசிரியர் தேவை.