வேர் ஓரிடம், ஊர் ஓரிடம்

இடித்த மாவா, அரைத்த மாவா என்று கேட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் யோசிக்காமல் இடித்த மாவின் பக்கம் சாய்வார்கள். ருசிதான் காரணம். 1811-இல் வட அமெரிக்காவின் செரோக்கி நாட்டில் இதே வழக்கு எழுந்தது. அங்கே காரணம் வேறு. வழிப்பயணத்தில் இரவு தங்கிய ஓர் ஆணும் இரண்டு பெண்களும் வானத்திலிருந்து குதிரைவீரர்கள் இறங்கி வரக் கண்டார்களாம். முன்னால் வந்தவன் பறை அடித்துக்கொண்டு வந்தான். அவன் சொன்ன செய்தி இதுதான்: வெள்ளைக்காரனின் மக்காச்சோளத்தை விதைக்கிறீர்கள், அதை அவனிடமே திருப்பி விற்றுவிடுங்கள். நம் சோளத்தை விதையுங்கள். முன்னோர் இடித்ததுபோல் உரலில் இடியுங்கள். மாவு மில்கள் வேண்டாம். மில்லில் அரைக்க அரைக்க நம் குலத்தாயின் எலும்புகள் நொறுங்குகின்றன. அதனால்தான் அவள் உங்களை விட்டுப் போய்விட்டாள்.

எலும்பு என்ற அந்த ஒரு சொல்லில் நான் நின்றுவிட்டேன். வயிறு எரிகிறது, மனம் நோகிறது என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உலர்ந்த சோளம் உடைகிற சத்தத்தைக் காதால் கேட்டவர்களுக்குத்தான் எலும்பு என்று தோன்றும். உரலில் அந்தச் சத்தம் வராது. செரோக்கி உரல் ஒரு மரத்துண்டின் நடுவைக் குடைந்து செய்வது, கனோனா என்பார்கள். அதன் உலக்கை நம் கண்ணுக்குத் தலைகீழாக இருக்கும். நம் உலக்கையில் இரும்புப் பூண் அடியில், பாரமும் அங்கேதான். அவர்கள் உலக்கையில் பருத்த பகுதி மேலே, இடிக்கும் நுனி ஒல்லி. தலைப்பாரம் தானாகக் கீழே இழுக்க, ஒல்லி நுனி குழிக்குள் இறங்கும். தூக்குவது மட்டும்தான் பெண்ணின் வேலை, இறக்குவது உலக்கையின் வேலை.

குலத்தாய் யார் என்பதற்கும் அவர்கள் கதையிலேயே விடை இருக்கிறது. செலு என்பவள் சோளத்தாய். அவளைச் சொந்தப் பையன்களே கொல்கிறார்கள். அவள் ரத்தம் சிந்திய இடமெல்லாம் சோளம் முளைக்கிறது. ஜேம்ஸ் மூனி 1900-இல் அச்சிட்ட தொகுப்பில் இக்கதையின் ஒரு நுணுக்கம் வருகிறது. நிலம் முழுவதையும் திருத்தச் சொன்னாள் தாய். சோம்பேறிப் பையன்கள் ஏழு சின்னத் திட்டுகளை மட்டும் திருத்தினார்கள். ஏழு முறை இழுக்கச் சொன்ன உடலை இரண்டு முறைதான் இழுத்தார்கள். அதனால்தான் சோளம் எல்லா இடத்திலும் விளைவதில்லை. அதனால்தான் சோளக்கொல்லைக்கு இரண்டு முறை மண்ணணைத்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு வேளாண் வழக்கத்துக்கு இதைவிட நேர்மையான விளக்கம் நான் படித்ததில்லை. பழியைத் தங்கள் மேலேயே போட்டுக்கொள்கிற புராணம்!

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை வேறொன்று. மில்லைப் பழித்த அந்தக் காட்சி இன்று நமக்குக் கிடைப்பது, அதைக் கேட்டுச் சங்கடப்பட்டிருக்க வேண்டிய மிஷனரிகளின் நாட்குறிப்பில். வெள்ளைக்காரரின் விதை வேண்டாம் என்று பறை அடித்த செய்தியை, வெள்ளைக்காரர்களே, 1811 பிப்ரவரி 10 என்று தேதி போட்டு, ஜெர்மன் மொழியில் எழுதி வைத்தார்கள். சொன்னவரின் பெயரையும் விடவில்லை.

எழுதியவர்கள் மொரேவியன் சபையினர். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் வளர்ந்து, உலகமெல்லாம் பெரும்பாலும் கைத்தொழில்காரர்களை ஊழியர்களாக அனுப்பிய சபை. வட கரோலினாவின் சேலம் நகரிலிருந்து வந்து, 1801-இல் இன்றைய ஜார்ஜியாவின் வடக்கில், ஜேம்ஸ் வான் என்ற செரோக்கிப் பெருந்தனக்காரரின் நிலங்களை ஒட்டி ஸ்பிரிங்பிளேஸ் என்று ஒரு நிலையம் போட்டார்கள். எங்கே போனாலும் தினம் நடந்ததை எழுதி அனுப்புவது இந்தச் சபையின் கட்டாயம். 1805-இல் வந்து சேர்ந்த ஜான் காம்போல்டும் அவர் மனைவி அன்னா ரோசினாவும் அந்தக் கடமையை 1821 வரை செய்தார்கள். பெரும்பகுதி அந்த அம்மாளின் கைவண்ணம். ரோவினா மெக்ளிண்டன் அதை ஆங்கிலமாக்கி 2007-இல் இரண்டு பெரிய தொகுதிகளாகக் கொண்டுவந்தார். ஆத்துமாக்களின் கணக்கை எழுத உட்கார்ந்தவர்கள், யார் வந்தார்கள், யாருக்குப் பசி, யார் குடித்திருந்தார், எந்தப் பிள்ளை ஓடிப்போனான் என்பதையெல்லாம் எழுதிவிட்டார்கள். ஆத்துமாக் கணக்கு மெலிந்தே இருந்ததால் மற்றவற்றுக்கு இடம் கிடைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

மெலிந்தது என்றால் உண்மையிலேயே மெலிந்ததுதான். முதல் ஒன்பது ஆண்டுகளில் செரோக்கியர் ஒருவர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை. செரோக்கித் தலைவர்களுக்குப் பிரசங்கத்தில் அக்கறையே இல்லை. அவர்கள் இடம் கொடுத்தது பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தரத்தான். பள்ளி திறக்காமல் நாளைக் கடத்தியபோது, 1803-இல் செரோக்கித் தலைவர்களின் மன்றம் கூடி, பள்ளி நடத்துங்கள், இல்லாவிட்டால் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டே பள்ளி நடந்தது. காம்போல்டு தம்பதி கடைசிவரை செரோக்கி மொழி பேசப் பழகவில்லை. வந்தவர்கள் பேச, பக்கத்தில் நின்றவர்கள் மொழிபெயர்க்க, அம்மாள் ஜெர்மனில் எழுத, இத்தனை கை மாறியும் அந்த எலும்பு நொறுங்காமல் வந்து சேர்ந்திருக்கிறது.

1810 ஆகஸ்டில் முதலாவதாக ஞானஸ்நானம் பெற்றவர் பெகி ஸ்காட், ஜேம்ஸ் வானின் மனைவிகளில் ஒருவர். வான் குடிவெறியில் அவரை அடித்தவர். 1809 பிப்ரவரியில் ஒரு சத்திரத்தில் சுடப்பட்டுச் செத்தார். விதவையான பெகி அன்னா ரோசினாவின் தோழியானார், மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவரும் ஆனார். மதம் மாறிய கதையாக இதைப் படிக்கலாம். அடிபட்ட ஒரு பெண்ணுக்குப் பக்கத்து வீட்டில் உட்கார ஒரு திண்ணை கிடைத்த கதையாகவும் படிக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.

அன்னா ரோசினாவின் இன்னொரு நட்பு செடிகளோடு. பென்சில்வேனியாவின் பெத்லகேமில் பெண்கள் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். நாற்பது தாண்டிய பிறகுதான் கல்யாணமும் காட்டு வாழ்க்கையும். வழிப்போக்கர்கள் வந்து பார்க்கும் தோட்டம் ஒன்றை வளர்த்தார். அவர் தொகுத்த செடிப்பட்டியல், பெஞ்சமின் சில்லிமன் தொடங்கிய அமெரிக்க அறிவியல் இதழின் முதல் தொகுதியிலேயே இடம்பெற்றது. கோனசாகா ஆற்றங்கரைச் செடிகளின் லத்தீன் பெயர்கள் வரிசையாக. சில பெயர்களுக்கு எதிரே செரோக்கியர் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்ற குறிப்பு. மாவு மில்லைப் பற்றி அவர்களோடு மாறுபட்ட அம்மாள், வேரைப் பற்றி அவர்களிடமே பாடம் கேட்டிருக்கிறார். அச்சில் அவர் பெயர் திருமதி காம்போல்டு. அன்னா ரோசினா என்பதற்கு இடமில்லை.

தோட்டம் என்றதும் நமக்கு இன்னொரு தோட்டம் நினைவுக்கு வர வேண்டும். இதே மொரேவியர்கள், டென்மார்க் அரசரின் விருப்பத்தின்பேரில் நிக்கோபார் தீவுகளுக்குப் போகவென்று 1760-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். ஊருக்கு வெளியே அவர்கள் அமைத்த குடியிருப்புக்குச் சகோதரர் தோட்டம் என்றே பெயர். செடி சேர்ப்பதிலும் மருத்துவத்திலும் பெயர் வாங்கினார்கள். மதம் மாற்றுவதில் இல்லை. நிக்கோபார் காய்ச்சல் பலரைக் கொண்டுபோயிற்று. இவர்கள் தரங்கம்பாடியில் கடையைக் கட்டிய காலமும் ஸ்பிரிங்பிளேஸில் கடையை விரித்த காலமும் ஏறக்குறைய ஒன்று. தரங்கம்பாடியை அடுத்த பொறையாறு பக்கம் செடி உலர்த்திய தாள்களும் கோனசாகா கரையின் பட்டியலும் ஒரே குடும்பத்துப் பழக்கம்.

இந்த ரசனையை ஓரிடத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது. தோட்டம், பள்ளி, அடுப்பு, விருந்தாளிக்குச் சோறு என்று இந்த நாட்குறிப்பு காட்டும் வாழ்வுக்குப் பின்னால் பிளசண்ட் என்ற ஓர் அடிமைப் பெண் நிற்கிறார். சேலம் சபை விலைக்கு வாங்கி, காம்போல்டு தம்பதியோடு அனுப்பிவைத்தவர். அவரைப் பற்றிய பதிவுகள் பெரும்பாலும் குறைகள்: வாயாடி, பணிவில்லை. தன் சொந்தக் கையால் அவர் ஒரு வரியும் எழுதியதில்லை. ஆனால் அந்த முணுமுணுப்புகளின் வழியே ஒரு பெண் முறைத்துப் பார்ப்பது தெரிகிறது. வானின் தோட்டத்தில் நூறு பேருக்குக் குறையாத அடிமைகள் இருந்தார்கள். 1804-இல் எழுந்த அவருடைய செங்கல் மாளிகை இன்றும் அங்கே நிற்கிறது, பார்வையாளர்கள் அதன் படிக்கட்டைப் பார்த்து வியக்கிறார்கள்.

மொரேவியர் கல்லறைக்குப் போனால் வியக்க ஒன்றும் இருக்காது. தேவனுடைய நிலம் என்று அதைச் சொல்வார்கள். சேலத்தில் பார்க்கலாம்: எல்லாக் கல்லும் ஒரே அளவு, எல்லாம் மண்ணோடு படுத்த தட்டைக் கற்கள். சாவில் பெரியவர் சிறியவர் இல்லை என்பது அவர்கள் கொள்கை. குடும்பத்தோடு குடும்பமாகப் புதைப்பதும் இல்லை; ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, பிள்ளைகள் ஒரு வரிசை. ஸ்பிரிங்பிளேஸின் தேவனுடைய நிலத்தில் 1820-இல் பெகியும், 1821 பிப்ரவரியில் அன்னா ரோசினாவும், 1827-இல் செரோக்கியரின் முதன்மைத் தலைவராகி இரண்டு வாரத்தில் இறந்த சார்லஸ் ஹிக்ஸும் அடக்கமானார்கள். உயிரோடு இருந்தபோது அடிமையை விலைக்கு வாங்கியவர்கள் இறந்த பிறகு சமத்துவம் பார்த்ததை எந்தத் தராசில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் நடந்ததை வரலாற்றுப் புத்தகங்கள் விரிவாகச் சொல்லும். ஜார்ஜியா அரசு செரோக்கி நிலத்தைக் குலுக்கல் சீட்டில் வெள்ளையருக்குப் பிரித்துக் கொடுத்தது. சீட்டு விழுந்தவர்கள் 1833-இல் மிஷன் வீட்டுக்கே குடி வந்துவிட்டார்கள். வானின் மகன் ஜோசப்பையும் மாளிகையை விட்டு விரட்டினார்கள். 1835 நவம்பரில் அந்த வளாகத்து மரக்கொட்டகை ஒன்றில், செரோக்கித் தலைவர் ஜான் ராஸோடு சேர்த்து அவர் வீட்டு விருந்தாளி ஒருவரையும் ஜார்ஜியாக் காவலர்கள் அடைத்து வைத்தார்கள். அந்த விருந்தாளி ஜான் ஹோவர்டு பெய்ன். வீட்டைப் போல் உண்டா என்று உலகமே பாடிய ‘ஹோம் ஸ்வீட் ஹோம்’ பாட்டை எழுதியவர். வீட்டுக்காரரைத் துரத்திய இடத்தில் வீட்டுப் பாட்டுக்காரருக்குச் சிறை. கதையில் எழுதினால் மிகை என்று ஆசிரியர் வெட்டிவிடுவார்.

ஸ்பிரிங்பிளேஸ் பள்ளியில் படித்த பக் வாட்டி என்ற பையனையும் விட முடியாது. அன்னா ரோசினாவிடம் செடிப்பட்டியலைக் கேட்டு வாங்கிய எலியாஸ் கொர்னேலியஸ்தான் 1818-இல் இவனை வடக்கே கனெக்டிகட்டுக்குப் படிக்க அழைத்துப் போனார். ஓர் ஊரிலிருந்து ஒருவர் கொண்டுபோன இரண்டு சரக்குகளில் ஒன்று இதழில் அச்சாயிற்று. மற்றது எலியாஸ் பூடினாட் என்ற பெயரில் திரும்பி வந்து, 1828-இல் செரோக்கியரின் முதல் பத்திரிகையை நடத்தியது. செக்வோயா கண்டுபிடித்த செரோக்கி எழுத்தும் ஆங்கிலமும் அருகருகே அதில் வந்தன. அதே பூடினாட்தான் 1835 டிசம்பரில் நாட்டை விட்டுக்கொடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். அந்தக் கையெழுத்துக்காகவே 1839 ஜூனில் சொந்த மக்கள் கையாலேயே வெட்டுண்டு இறந்தார். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் சுமார் 16,000 பேர் மேற்கே விரட்டப்பட்டார்கள். வழியிலும் முகாம்களிலுமாக 4,000 பேர் வரை மாண்டதாக மதிப்பிடுகிறார்கள்.

மொரேவியர்களும் பின்னாலேயே போனார்கள். ஒன்றிரண்டு இடங்களில் காலூன்றப் பார்த்துவிட்டு, 1842-இல் இன்றைய வடகிழக்கு ஒக்லஹோமாவில் ஸ்பிரிங் கிரீக் ஓடைப்பக்கம் நியூ ஸ்பிரிங்பிளேஸ் என்ற நிலையத்தை அமைத்தார்கள். ஊரை இழந்தாலும் பேரை மூட்டை கட்டிக்கொண்டு போவது உலக வழக்கம்தானே. உள்நாட்டுப் போரில் 1862-இல் அங்கே ஊழியம் செய்த செரோக்கியர் ஜேம்ஸ் வார்டு கொல்லப்பட்டார். போருக்குப் பின் நிலையம் மறுபடி எழுந்தாலும், நூற்றாண்டு முடிவில் செரோக்கியரின் பொது நிலத்தைத் தனித்தனிப் பட்டாவாக்கும் சட்டம் வந்ததும் மொரேவியர்கள் மூட்டை கட்டினார்கள். பக்கத்தில் முளைத்த சிற்றூர்தான் ஓக்ஸ். 2010 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 288.

மொரேவியர் விட்டுப்போன பணியை 1900-களின் தொடக்கத்தில் எடுத்துக்கொண்டவர் டேனிஷ் லுத்தரன் சபையின் என்.எல். நீல்சன். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் ஊரில் மொரேவியர் தோட்டம் போட்டார்கள். ஓக்ஸில் மொரேவியர் இடத்தில் டேனிஷ்காரர் குடியேறினார். இடையில் ஒன்றரை நூற்றாண்டும் இரண்டு பெருங்கடல்களும். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை, அதனால்தான் அழகாக இருக்கிறது. பிறகு ஆதரவற்ற செரோக்கிப் பிள்ளைகளுக்கான இல்லம் அங்கே வந்தது, அது நெடுங்காலம் ஊரின் முகமாக இருந்தது. ஊரின் அரசுப் பள்ளிக்கு ஓக்ஸ் மிஷன் பள்ளி என்றுதான் இன்றும் பெயர். பிரசங்கம் இருக்கட்டும், முதலில் பள்ளியைத் திறங்கள் என்று 1803-இல் அதட்டிய தலைவர்கள் இதைக் கேட்டால் மிஷன் என்ற சொல்லைப் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்; பிள்ளைகள் ஒழுங்காக வருகிறார்களா என்றுதான் விசாரிப்பார்கள்.