ஆசானின் விரலும் அரசின் பதிவேடும்

குமரி மாவட்டத்துத் திருவட்டாறுப் பக்கம் விடியுமுன்னே வேலை தொடங்கிவிடும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் நுழையும் பால்வெட்டுத் தொழிலாளி, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்தே காலைப்பொழுதைக் கழிக்கிறார். சில ஆண்டுகளில் இடுப்பும் தோளும் பிடித்துக்கொள்கின்றன. இலங்கை மலையகத்தில் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிச் சரிவில் நிற்கும் பெண்ணுக்கும் இதே வலிதான். வலி மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடக்கூடும். அதனால் இரு நாட்டிலும் மக்கள் கையால் வலி தீர்ப்பவரைத் தேடிப் போகிறார்கள்.

கோதையாறும் பரளியாறும் சூழ்ந்த திருவட்டாறு வட்டாரத்தில் அவருக்கு ஆசான் என்று பெயர். உடலின் உயிர்நிலைகளான வர்மம் 108 என்பது மரபு. அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அடிமுறை என்னும் சண்டைக்கலையைச் சொல்லிக்கொடுப்பவரே, அடிபட்டு விழுந்தவரை எழுப்பவும் அறிந்தவர். அடங்கல் எனப்படும் இடங்களில் விரலால் அழுத்தி இளக்குவதும், எண்ணெய் இட்டுத் தடவுவதும் அவர் வேலை. உள்ளுக்கு மருந்து கொடுக்கும் ஆசான்களும் உண்டு. ஆனாலும் தேடி வருபவர் நம்பி வருவது அந்த விரல்களைத்தான். எந்த விரலால் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை ஏட்டைப் படித்துப் பிடித்துவிட முடியாது; ஆசானுடன் பல்லாண்டு இருந்துதான் கற்க வேண்டும். தகுதி பார்த்தே சொல்லித்தருவார்கள். கொல்லக்கூடிய இடங்களும் அந்த 108-இல் அடக்கம் என்பதால் இந்த மறைப்புக்கு நியாயம் இருந்தது. குமரி மாவட்ட ஆசான்களிடம் பழகி ரோமன் சீலர் என்ற மானிடவியலாளர் எழுதிய நூலை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 2015-இல் வெளியிட்டது. இந்த மறைபொருள் தன்மையை அவர் விரிவாகவே ஆராய்கிறார்.

இலங்கையிலும் சண்டையும் சிகிச்சையும் ஒட்டிப் பிறந்தவை. சிங்களவரின் அங்கம்பொர கலையில் ‘நில’ எனப்படும் உயிர்நிலைகளைத் தாக்கவும் குணப்படுத்தவும் கற்றுத்தருகிறார்கள். ஆனால் மக்கள் அதிகம் நாடுவது முறிவு நெரிவு வைத்தியரை. முறிந்த எலும்பைப் பொருத்துவது, நழுவிய மூட்டைச் சேர்ப்பது, எண்ணெய் தடவிப் பத்துப் போட்டுக் கட்டுவது ஆகியவற்றோடு, பழைய சுளுக்கும் நாள்பட்ட மூட்டுவலியும் அவரிடமே வந்து சேர்கின்றன. தலைமுறை தலைமுறையாக இதையே செய்யும் குடும்பங்கள் அங்கே ஏராளம்.

இரண்டு நாடுகளும் பிரியும் இடம் சட்டம். இலங்கையின் 1961-ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம், சித்த மருத்துவத்தையும் தேசிய சிகிச்சை எனப்படும் உள்நாட்டு வைத்தியத்தையும் சேர்த்தே தழுவியது. கல்லூரிப் பட்டம் இல்லாத பரம்பரை வைத்தியரும் தம் அறிவைக் காட்டிப் பதிவு பெற வழி வைத்தது. முறிவு நெரிவு போன்ற தனித்துறைக்காகவும் பதியலாம். எனவே தந்தையிடம் கற்ற கைக்கு அங்கே அரசின் முத்திரை கிடைக்கிறது.

இந்தியாவில் அந்தக் கதவு சாத்தியே கிடக்கிறது. பரம்பரை வைத்தியர்கள் தொடுத்த வழக்கில், அங்கீகரிக்கப்பட்ட தகுதி இல்லாதவர் சிகிச்சை செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. வழக்கு கேரளத்துடையது. ஆனால் அதன் மையத்தில் இருந்தது 1953-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்–கொச்சி மருத்துவர் சட்டம். அது பிறந்தபோது திருவட்டாறும் அதே மாநிலத்தில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1-இல்தான் குமரி தமிழகத்தோடு இணைந்தது. இப்போது வர்மம் சித்த மருத்துவப் பட்டப்படிப்பில் ஒரு பாடம். முஞ்சிறை சித்த மருத்துவக் கல்லூரியிலும் தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் அது இருக்கிறது. பாடத்தில் ஏறிய கலைக்குச் சொந்தக்காரரான ஆசானோ வெளியே நிற்கிறார். இது அநியாயம்.

அதற்காக இலங்கையின் பதிவேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு போற்றிவிடவும் முடியாது. வைத்தியருக்குத் தொழில் தெரியும் என்று அது சொல்லலாம். அவர் கை பட்ட இடுப்புவலி ஆறு மாதம் கழித்து என்ன ஆயிற்று என்பதைச் சொல்லாது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில் உடற்பயிற்சி, நோயாளிக்கு விளக்கம், உளவியல் உதவி இவற்றோடு மசாஜுக்கும் முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் சிகிச்சைக்கும் இடம் தந்திருக்கிறது. இடுப்புப் பட்டையையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. கைச் சிகிச்சைக்கான சான்றுகள் உறுதி குறைந்தவை என்பதையும் அது மறைக்கவில்லை. வர்மத்தின் நிலை இதைவிடப் பின்தங்கியது: அதற்குப் பெரிய, கறாரான ஆய்வுகளே அரிது.

செய்ய வேண்டியது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கைதடி சித்த மருத்துவக் கல்விக்கூடமும் முஞ்சிறைக் கல்லூரியும் தமிழ்ச் சித்த ஏடுகளையே அடிப்படையாகக் கொண்டவை. இவை இரண்டும் சேர்ந்து, பால்வெட்டுபவர், கொழுந்து பறிப்பவர் என இரு கூட்டத்தாரையும் எடுத்து, ஆசானும் முறிவு வைத்தியரும் தடவுவதற்கு முன்னும் பின்னும் வலியின் அளவு, தூக்கம், குனியும் திறன் இவற்றை ஒரே படிவத்தில் பதியலாம். கால் மரத்துப்போனவர், சிறுநீர் அடக்க முடியாதவர், முதுகுவலியோடு காய்ச்சல் உள்ளவர் ஆகியோரை மட்டும் முதல் நாளே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும்.